“இந்தியர்களுக்கு ஆபத்து குறைவு” என்றால் யாருக்குக் குறைவு?

கேள்வி: வயது 41. மலேசியாவில் கிள்ளானில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் இரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒரு பீர் குடிப்பேன். கடைசியாக எடுத்த ரிப்போர்ட்: இ ஆன்டிஜன் நெகட்டிவ், வைரஸ் அளவு மில்லிக்கு 3,400 யூனிட், ஏஎல்டி 52, ஏஎஸ்டி 44, பிளேட்லெட் 1,68,000. ஸ்கேன் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, அப்போது கொழுப்புப் படிவு மட்டும் இருந்தது. என்னோடு வேலை செய்யும் சீன நண்பருக்கும் இதே நோய். வயது 44. அவருக்கு மாத்திரை தருகிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கிறார்கள். நான் கேட்டதற்கு எங்கள் கிளினிக் டாக்டர், “சீனர்களுக்குத்தான் இதில் புற்றுநோய் அதிகம், இந்தியர்களுக்குக் குறைவு, அடுத்த வருடம் வாருங்கள்” என்றார். இணையத்தில் பார்த்தால் ஆசிய ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50, ஆப்பிரிக்கர்களுக்கு 20 வயதிலிருந்தே ஸ்கேன் என்று இருக்கிறது. நாம் இதில் எந்தக் கணக்கு? ஈப்போவில் இருந்த என் தாய்மாமன் 52 வயதில் கல்லீரல் புற்றுநோயில் போனார். வைரஸின் வகையைக் கண்டறியும் சோதனை செய்யலாமா? கீழாநெல்லி சாப்பிடச் சொல்கிறார் அம்மா. சாப்பிடலாமா?

பதில்: கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது உங்களுக்கான பதில் இல்லை. நாட்டுக் கணக்கு வேறு, ஆள் கணக்கு வேறு. இந்தியர்களில் ஒரு லட்சம் பேரை எடுத்தால் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்கள் சீனர்களைவிடக் குறைவாக இருப்பது உண்மை. அதற்கு முதல் காரணம், அந்த லட்சத்தில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களே குறைவு என்பது. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். தடுப்பூசிக்கு முந்தைய தைவானில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர். நீங்களோ ஏற்கெனவே அந்த மூன்று நான்கு பேரில் ஒருவர். அந்த லட்சத்தில் வைரஸ் இல்லாத மற்றவர்களின் பாதுகாப்பு உங்களுக்கு எப்படி வரும்?

வைரஸ் உள்ளவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டாலும் ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. எதனால் என்று தெரிந்தால், உங்களுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.

முதல் விஷயம், வைரஸ் எந்த வயதில் தொற்றியது என்பது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் தொற்றினால் நூற்றுக்கு முப்பது பேருக்குத் தங்கலாம். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் தங்குவது ஐந்து பேருக்கும் குறைவு. கிழக்காசியாவில் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருகிறது, ஏனென்றால் அங்கே கருவுறும் வயதில் உள்ள பெண்கள் பலருக்கு இ ஆன்டிஜன் (வைரஸ் வேகமாகப் பெருகும்போது இரத்தத்தில் விடும் புரதம்) பாசிட்டிவாகவே இருக்கும், அதாவது இரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் ஓடும். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பிள்ளைப் பருவத்தில், ஒரே வீட்டில் புழங்கும்போது, புண், கீறல், பிறர் பயன்படுத்திய பிளேடு இவற்றின் வழியாகத் தொற்றுவது அதிகம். ஐரோப்பாவில் பெரியவர்களான பிறகு வருவதே அதிகம். வைரஸ் கல்லீரலில் எத்தனை வருடம் குடியிருந்தது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அது தன் மரபுப்பொருளின் துண்டுகளை நம் செல்லின் மரபுப்பொருளுக்குள் செருகிவிடுகிறது. செல்லுக்குச் சாகாவரம் கொடுக்கும் டெர்ட் என்ற மரபணுவுக்கு அருகில் போய் ஒரு துண்டு உட்கார்ந்துவிட்டால் போதும், புற்றுநோய்க்கு அடித்தளம் போட்டதுபோல. வருடங்கள் கூடக்கூட இந்தச் செருகல்களும் கூடும். ஹெபடைடிஸ் சியில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் இறுகிச் சுருங்கும் நிலை வந்த பிறகுதான் பெரும்பாலும் புற்றுநோய் வருகிறது. பி வைரஸ் எப்போதும் அதற்குக் காத்திருப்பதில்லை என்பதற்கு இந்தச் செருகல்தான் காரணம். ஸ்கேனில் கல்லீரல் வழுவழுப்பாக இருக்கிறது என்பதை வைத்து “புற்றுநோய் வராது” என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, வைரஸின் மரபணு வகை. ஏ முதல் ஜே வரை பத்து வகை சொல்கிறார்கள். சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம் பக்கம் பியும் சியும். இந்தியாவில் டியும் ஏயும், வடகிழக்கில் சியும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஈ. தென் அமெரிக்காவிலும் அலாஸ்காவின் பூர்வகுடிகளிடமும் எஃப். பொதுவாக பி வகையைவிட சி வகை ஆபத்தானது. இது வைரஸின் குணமா, மனிதர்களின் குணமா என்று சந்தேகம் வரும். அதற்கு அலாஸ்காவில் நல்ல பதில் கிடைத்தது. அங்குள்ள பூர்வகுடி மக்களிடம் ஏ, பி, சி, டி, எஃப் ஐந்து வகைகளும் இருக்கின்றன. அதே மண், அதே மருத்துவமனைகள். மற்ற நான்கு வகைக்காரர்களில் பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள்ளேயே இ ஆன்டிஜன் மறைந்துவிட்டது. சி வகைக்காரர்களில் பாதிப் பேருக்கு அது மறைய 47.8 வயதாயிற்று. முப்பது வருடம் கூடுதலாக வைரஸ் கொப்பளித்துக்கொண்டிருந்திருக்கிறது என்று பொருள். உங்கள் சீன நண்பரின் டாக்டர் அவரை விடாமல் துரத்துவது இதனால்தான் இருக்க வேண்டும். அதே அலாஸ்காவில் எஃப் வகைக்காரர்களுக்கு இ ஆன்டிஜன் சீக்கிரமே போய்விடுகிறது, ஆனாலும் புற்றுநோய் இருபதுகளிலேயே வந்திருக்கிறது. எனவே இ ஆன்டிஜன் மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது.

உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. “இ ஆன்டிஜன் நெகட்டிவ்” என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இதை “வைரஸ் தூங்குகிறது” என்று எடுத்துக்கொள்கிறார்கள். டி வகையில் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வைரஸ் தன் 1896ஆம் எழுத்தில் ஒரு சிறு மாற்றம் செய்துகொண்டு, இ ஆன்டிஜனைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டுப் பெருகுவதை மட்டும் தொடரும். ஏ வகை வைரஸ்களில் பெரும்பாலானவற்றால் இந்த வேலையைச் செய்ய முடியாது, அவற்றின் அமைப்பு இடம் கொடுக்காது. மத்தியதரைக் கடலோர நாடுகளிலும் இந்தியாவிலும் இ ஆன்டிஜன் நெகட்டிவாக இருந்துகொண்டே கல்லீரல் கெட்டுப்போகிறவர்கள் இவ்வளவு பேர் இருப்பது இதனால்தான். நெகட்டிவ் என்பதோடு வைரஸ் அளவு 2,000க்குக் கீழேயும், கல்லீரல் செல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி சரியாகவும் இருந்தால்தான் தூக்கம். உங்களுக்கு இரண்டும் மேலே இருக்கின்றன.

ஏஎல்டி 52 என்பதற்கு உங்கள் ரிப்போர்ட்டில் சிவப்புக் குறியோ நட்சத்திரக் குறியோ இருந்திருக்காது. பல ஆய்வகங்கள் 55 வரை இயல்பு என்று அச்சடிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 தான் எல்லை. பிளேட்லெட் 1,68,000 என்பதும் அப்படித்தான், 1,50,000க்கு மேல் இருப்பதால் யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். கல்லீரல் இறுக இறுக மண்ணீரல் பெருத்து, பிளேட்லெட் மெல்ல மெல்ல இறங்கும். பழைய ரிப்போர்ட்டுகள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆறு வருடத்துக்கு முன் 2,40,000 இருந்து இப்போது 1,68,000 என்றால் ஒரு கதை. எப்போதுமே 1,70,000 என்றால் வேறு கதை.

மூன்றாவது, வைரஸோடு கூட்டுச் சேரும் மற்றவை. ஆப்பிரிக்கர்களுக்கு 20 வயது என்று பழைய வழிகாட்டுதலில் போட்டதற்கு இதுதான் பின்னணி. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இருந்து கல்லீரல் புற்றுநோயாளிகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2017இல் வந்தது. எகிப்தை விட்டுவிட்டு மற்ற நாடுகளில் நோயாளிகளின் நடு வயது 46. எகிப்தில் 58, அங்கே பெரும்பாலும் ஹெபடைடிஸ் சி வைரஸ். கண்டுபிடித்த பிறகு உயிரோடு இருந்த காலம் எகிப்தில் ஏறத்தாழ பதினோரு மாதம், மற்ற நாடுகளில் இரண்டரை மாதம். இந்தக் கடைசி வித்தியாசத்தில் மரபணுவுக்குப் பங்கு கொஞ்சம்தான், ஸ்கேன் இல்லை, மருந்து இல்லை, கட்டி பெரிதான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள். இனத்தின் மேல் பழி போடும் முன் பேருந்து வசதியையும் மருத்துவமனைத் தூரத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அங்கே வயது குறைவதற்கு இன்னொரு காரணம் பூஞ்சை நஞ்சு, அஃப்ளாடாக்ஸின். ஈரம் காயாமல் குவித்து வைத்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இதை உண்டாக்குகிறது. பி53 என்ற காவல் மரபணுவின் 249ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி வைத்துவிடும். மொசாம்பிக், காம்பியா, சீனாவின் சிதோங் பகுதி நோயாளிகளின் கட்டிகளில் இந்த மாற்றம் கைரேகை மாதிரி பதிந்து கிடக்கிறது. ஷாங்காயில் சுமார் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நஞ்சு மட்டும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து 3.4 மடங்கு, வைரஸ் மட்டும் உள்ளவர்களுக்கு 7.3 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 59 மடங்கு என்று வந்தது. கூட்டினால் பத்துக்கு மேல் வர வேண்டும், பெருக்கினாலும் இருபத்தைந்துதான். இரண்டும் ஒன்றுக்கொன்று தூபம் போடுகின்றன.

சமையலறைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: சுருங்கிய, நிறம் மங்கிய, கசக்கும் கடலையைத் தூக்கிப் போடுங்கள். வறுத்தாலும் அவித்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது. பொறுக்கி ஒதுக்கிய மட்டக் கடலைதான் எண்ணெய்க்குப் போகிறது என்பதால், செக்கில் ஆட்டி வடிகட்ட மட்டுமே செய்த கடலெண்ணெயில் நஞ்சு தங்கலாம், ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது பெரும்பகுதி போய்விடுகிறது. செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்றால் கடலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

மங்கோலியாவில் கூட்டாளி வேறு. உலகிலேயே கல்லீரல் புற்றுநோய் விகிதம் மிக அதிகமான நாடு அது. அங்கே பி வைரஸ் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதன் முதுகில் சவாரி செய்யும் டி வைரஸும் இருக்கிறது (மேலே சொன்ன டி வகையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது தனி வைரஸ்). இதற்கான ஆன்டிபாடி சோதனையை வாழ்நாளில் ஒரு தடவை நீங்களும் செய்துகொள்ள வேண்டும்.

நம்மவர்களுக்குக் கூட்டாளி சர்க்கரை நோய், தொப்பை, கல்லீரல் கொழுப்பு, சாராயம். உங்கள் பழைய ஸ்கேனிலேயே கொழுப்பு என்று வந்துவிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாத சராசரியும் பார்த்துவிடுங்கள். அந்த எப்போதாவது ஒரு பீரையும் விட்டுவிடுங்கள். பாதுகாப்பான அளவு என்று சொல்வதற்கு இந்த நோயில் ஒன்றும் இல்லை.

ஆணா பெண்ணா என்பது எல்லா நாட்டிலும் ஒரே திசையில்தான் போகிறது. ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆண் ஹார்மோன் போய் ஒட்டிக்கொள்ள வைரஸின் மரபுப்பொருளிலேயே இடம் இருக்கிறது, ஒட்டினால் வைரஸ் பெருக்கம் கூடும். ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 என்று போட்டதில் இதற்குப் பங்கு உண்டு.

சரி, அந்த 40 எங்கிருந்து வந்தது? சிரோசிஸ் இல்லாத பி நோயாளிகளில் வருடத்துக்கு 500 பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் வரும் நிலை வந்தால், ஆறு மாத ஸ்கேன் செலவுக்குத் தகும் என்று கணக்குப் போட்டார்கள். கிழக்காசிய ஆண்கள் ஏறத்தாழ நாற்பதில் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள். அதற்கு ஆதாரமான எண்கள் பெரும்பாலும் தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவை. 1981இல் வெளியான தைவான் ஆய்வில் 22,707 அரசு ஊழியர்கள், எல்லாரும் ஆண்கள். வைரஸ் உள்ளவர்களுக்கு இல்லாதவர்களைவிட 223 மடங்கு ஆபத்து என்று வந்தது அதில்தான். 2006இல் வந்த இன்னொன்றில் 3,653 பேரைப் பதினோரு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். வைரஸ் கண்டுபிடிக்கவே முடியாத அளவில் இருந்தவர்களில் நூற்றுக்கு 1.3 பேருக்கும், மில்லிக்குப் பத்து லட்சம் வைரஸ் பிரதிக்கு மேல் இருந்தவர்களில் நூற்றுக்கு 14.9 பேருக்கும் புற்றுநோய் வந்தது. அருமையான ஆய்வு. ஆனால் அதில் இருந்தவர்கள் பி, சி வகை வைரஸ் கொண்ட தைவான்காரர்கள். அதை வைத்துச் செய்த, புற்றுநோய் ஆபத்தைக் கணிக்கும் ரீச்-பி மதிப்பெண் ஐரோப்பியர்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அவர்கள் தங்களுக்கென்று பேஜ்-பி என்று ஒன்று செய்துகொண்டார்கள். தமிழர்களை வைத்துச் செய்தது ஒன்றும் இல்லை. “ஆசியர்” என்று அச்சடித்த கட்டத்துக்குள் மன்னார்குடியும் மங்கோலியாவும் ஒன்றாக அடைபட்டிருக்கின்றன.

இருந்தாலும் உங்கள் எண்களை பேஜ்-பியில் போட்டுப் பார்க்கலாம். அது வயது, பால், பிளேட்லெட் மூன்றை மட்டும் கேட்கிறது. 40இலிருந்து 49 வரை 4 மதிப்பெண். ஆண் என்றால் 6. பிளேட்லெட் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்குள் இருந்தால் 6. மொத்தம் 16. ஒன்பது வரை குறைந்த ஆபத்து, 10 முதல் 17 வரை நடுத்தரம், 18ம் அதற்கு மேலும் அதிகம். நடுத்தரக்காரர்களில் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குப் புற்றுநோய் வந்தது, அதுவும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில். இன்னும் ஒன்பது வருடத்தில், வேறு எதுவும் மாறாமலேயே, வயது ஏறுவதால் மட்டும் நீங்கள் 18ஐத் தொட்டுவிடுவீர்கள். ஐரோப்பியக் கணக்கின்படி 10க்கு மேல் இருப்பதால் உங்களுக்கு ஆறு மாத ஸ்கேன். ஆசியக் கணக்கின்படி 40 வயது தாண்டியதால் ஆறு மாத ஸ்கேன். எந்த வாசல் வழியாகப் போனாலும் அதே அறைக்குத்தான் வருகிறீர்கள்.

அடுத்து, கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஏப்ரி என்ற கணக்கு. ஏஎஸ்டியை (ஏஎல்டி போன்ற இன்னொரு நொதி) அதன் மேல் எல்லையால் வகுத்து, வந்ததைப் பிளேட்லெட்டால் (ஆயிரத்தில்) வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். எல்லை 40 என்று வைத்தால் 44ஐ 40ஆல் வகுக்க 1.1. அதை 168ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 0.65. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 கணக்கில் 0.5ஐத் தாண்டினாலே கல்லீரலில் குறிப்பிடத்தக்க தழும்பு இருக்கக்கூடும், சிகிச்சை தொடங்கலாம். ஒன்றைத் தாண்டினால் சிரோசிஸ் இருக்கக்கூடும். இதை உறுதிசெய்ய, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள். மூன்று மணி நேரமாவது சாப்பிடாமல் போக வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடுதலாகக் காட்டும். 7 கிலோபாஸ்கலுக்கு மேல் என்றால் தழும்பு, 12.5க்கு மேல் சிரோசிஸ்.

மாத்திரைக்கு நீங்கள் தகுதியானவர் என்பதற்கு ஃபைப்ரோஸ்கேனுக்கு முன்பே காரணம் இருக்கிறது. வைரஸ் 2,000க்கு மேல், ஏஎல்டி எல்லைக்கு மேல், அதுவே போதும். குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருப்பதையும் அதே வழிகாட்டுதல் ஒரு காரணமாகச் சேர்த்திருக்கிறது. அடுத்த வருடம் வரை காத்திருக்க நான் சொல்ல மாட்டேன். கல்லீரல் சிறப்பு மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், அல்லது அதன் புதிய வடிவம் 25 மில்லிகிராம், அல்லது என்டெகாவிர் 0.5 மில்லிகிராம், மூன்றில் ஒன்று தினமும் ஒன்று என்று தருவார்கள். தொடங்கும் முன் சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின் சோதனையும் எச்ஐவி சோதனையும் அவசியம். எச்ஐவி இருப்பது தெரியாமல் இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அந்த வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம். என்டெகாவிர் என்றால் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் எதுவும் சாப்பிடக் கூடாது. மிக முக்கியமாக, நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் திமிறி எழுந்து, கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குப் போனவர்கள் உண்டு.

மாத்திரை புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. ஏற்கெனவே செருகிவிட்ட துண்டுகளை அது பிடுங்காது. ஆகவே ஸ்கேன் தொடர வேண்டும்.

ஸ்கேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எடுத்தும் ஏமாறுவது இங்கேதான். ஏன் ஆறு மாதம்? கல்லீரல் புற்றுக்கட்டி இரண்டு மடங்காவதற்குச் சராசரியாக நாலைந்து மாதம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு தடவை என்றால் ஒரு சென்டிமீட்டரில் தப்பியது அடுத்த தடவை வெட்டி எடுக்கும் எல்லையைத் தாண்டியிருக்கலாம். ஷாங்காயில் ஏறத்தாழ 19,000 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனும், கல்லீரல் புற்றுநோயைக் காட்டக்கூடிய ஏஎஃப்பி என்ற இரத்தச் சோதனையும் செய்தார்கள். அந்தக் குழுவில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 37 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் அழைத்தவர்களில் பலர் ஒழுங்காக வரவில்லை.

ஆறு மணி நேரம் சாப்பிடாமல் போங்கள், வாயு நிறைந்த வயிற்றில் இடது மடல் தெரியாது. அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்தால் ஆரம்பக் கட்டியில் பாதியைத் தவறவிடும் என்பது சிரோசிஸ் நோயாளிகளில் தெரிந்த கணக்கு. ஏஎஃப்பியும் சேர்த்தால் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பிடிபடும். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். கொழுப்பு படிந்த கல்லீரலில் ஒலி அலை ஆழத்துக்குப் போகாது. உதரவிதானத்தை ஒட்டிய மேல் பகுதி மங்கலாகிவிடும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் “கட்டி இல்லை” என்ற வரியை மட்டும் பார்க்காமல், கல்லீரல் முழுவதும் தெளிவாகத் தெரிந்ததா என்பதற்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். “சரியாகத் தெரியவில்லை” என்றிருந்தால் அது நல்ல ரிப்போர்ட் இல்லை, பார்க்காத ரிப்போர்ட். அப்போது மருந்து செலுத்தி எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.

ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக ஏதாவது தெரிந்தால் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மறு ஸ்கேன். ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ, அல்லது ஏஎஃப்பி 20 அல்லது அதற்கு மேலோ இருந்தால் தள்ளிப்போடாமல் சிடி அல்லது எம்ஆர்ஐ. கல்லீரல் வீக்கம் திடீரென்று கூடும்போதும் ஏஎஃப்பி ஏறும், அதனால் அன்றைய ஏஎல்டியையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டு ஏஎல்டி அடங்கிய பிறகு ஏஎஃப்பி ஏறினால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வைரஸ் வகைச் சோதனை? வேண்டாம், காசு மிச்சம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போடுவதாக இருந்தால் அவசியம், ஏ, பி வகைகளுக்கு அது நன்றாக வேலை செய்யும், சி, டிக்கு அவ்வளவாக இல்லை. மாத்திரைக்கு எல்லா வகையும் ஒன்றுதான். டி என்று வந்தாலும் ஏ என்று வந்தாலும் உங்களுக்கு ஸ்கேன் ஆறு மாதம்தான். ஏ வகை வந்து, அதைப் பற்றி இணையத்தில் தேடினால் தென்னாப்பிரிக்காவில் ஏ வகைக்காரர்களுக்கு 4.5 மடங்கு ஆபத்து என்று ஒன்று கண்ணில் படும். இந்தியாவில் உள்ளதும் பெரும்பாலும் அதே உட்பிரிவு, ஏ1. ஆனால் அந்த எண் அந்த ஊரில், அந்த உணவில், அந்த மக்களிடம் அளந்தது. அதை அப்படியே தூக்கி கிள்ளானில் வைத்துத் தூக்கம் கெடாதீர்கள்.

கீழாநெல்லிக்கு வருவோம். அம்மா சொல்வதற்குப் பின்னால் ஒரு சென்னைக் கதை இருக்கிறது. எஸ். பி. தியாகராஜன் தலைமையில் சென்னையில் நடந்த ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது. இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எஸ் ஆன்டிஜன் (வைரஸ் உடலில் இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது, சாப்பிடாத 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைக்கு மாத்திரைக்குப் பதிலாக அதை நம்ப இடமில்லை. வேறு மருந்தை விடாமல் எப்போதாவது கீழாநெல்லி மோர் குடித்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

எனக்குக் கவலை வேறு இரண்டு மூலிகைகள் பற்றி: ஆடுதின்னாப்பாளை, பெருமருந்து என்கிற ஈசுவரமூலி. இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம். இவற்றில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு கல்லீரல் செல்லின் மரபுப்பொருளிலும் தன் தடத்தைப் பதிக்கிறது. தைவானில் 98 பேரின் கல்லீரல் கட்டிகளைப் படித்துப் பார்த்ததில் 78 சதவீதத்தில் அந்தத் தடம் இருந்தது, காரணம் அங்கே பரவலாகப் புழங்கும் மூலிகை மருந்துகள். “சீனர்களுக்கு அதிகம்” என்பதில் ஒரு பங்கு மருந்துக்கடைப் பொட்டலத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்று தெரிகிறது அல்லவா? பெயர் சொல்லாத சூரணம் எதையும் வாயில் போடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: மனைவிக்கு இரத்தச் சோதனை, நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி 10க்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடுவதால் உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டிருப்பார்கள், அட்டையைத் தேடிப் பாருங்கள், பிறகும் ஒரு தடவை சோதனை செய்துவிடுங்கள். அதே கணக்கில், அதற்கு முன் பிறந்த உங்கள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லாருக்கும் தடுப்பூசி கிடைத்திருக்காது. அவர்கள் இந்த மாதமே போக வேண்டும்.

அம்மாவையும் அழைத்துப் போங்கள். தாய்மாமனுக்கு வந்து உங்களுக்கும் இருக்கிறது என்றால், நடுவில் இருப்பவர் அவர். எஸ் ஆன்டிஜனோடு கோர் ஆன்டிபாடி என்ற சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். வயதானவர்களுக்கு எஸ் ஆன்டிஜன் தானாகவே மறைந்துபோய் நெகட்டிவ் என்று காட்டலாம், கோர் ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவாக நிற்கும். எஸ் ஆன்டிஜன் இருந்தாலும் சரி, கோர் மட்டும் வந்தாலும் சரி, அவருக்கும் ஒரு தடவை ஸ்கேனும் பிளேட்லெட்டும் பார்த்துவிட வேண்டும். சிரோசிஸ் இருப்பதாகத் தெரிந்தால் அவருக்கும் ஆறு மாதக் கணக்குத்தான். மூட்டு வலிக்கோ புற்றுநோய்க்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து அவருக்குக் கொடுக்க நேர்ந்தால், இந்த ரிப்போர்ட்டை முதலில் காட்டச் சொல்லுங்கள்.